செல்வராஜிடம் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்கு இலக்கியக் காரணம் எதுவும் கிடையாது. ஆறு மணிக்கு ஒருவன் என் வீட்டுக்கு வருகிறான். அவனுடைய ஸ்கேன் ரிப்போர்ட் என் போனில் இருக்கிறது. படித்துவிட்டேன். அவனிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பேச வராததை எழுதிப் பார்ப்பது என் பழக்கம். மணி இப்போது ஐந்தேகால்.

"செல்வம், பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல, ஆனா

(சீ. இப்படி ஆரம்பித்தாலே அவனுக்குப் பாதி உயிர் போய்விடும்.)

"ரிப்போர்ட்டைப் பொறுத்தவரைக்கும், சில அம்சங்கள்

(இது என் ஆபீஸ் வாய். இருபத்தாறு வருஷமாக டெல்லி லோதி ரோட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதுகிறவன் நான். கூரை இடிந்து விழுந்தால் 'கட்டடத்தில் சில மாறுதல்கள் காணப்பட்டன' என்று எழுதத் தெரிந்தவன். அந்தச் சாமர்த்தியம்தான் இங்கே வினையாக முடிந்தது. அதற்கு வருகிறேன்.)

2

செல்வராஜ் முப்பத்தைந்து வயது லிஃப்ட் மெக்கானிக். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். லக்ஷ்மிபாய் நகரில் எங்களுக்கு அடுத்த பிளாக்.

பிப்ரவரியில் ஒருநாள் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. விதைப்பையில், வலப்பக்கம், கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கட்டி. அமுக்கிப் பார்த்தான். வலிக்கவில்லை. அப்பாடா, வலிக்கவில்லை என்றால் ஒன்றுமில்லை என்று தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டான்.

மறுநாளும் தொட்டுப் பார்த்தான். அதற்கு மறுநாளும். குழாயைத் திறந்து விட்டுவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது போயிருக்காதா என்று தேடினான். வெளியே மகள் ஸ்ம்ருதி கதவைத் தட்டுவாள். "பப்பா, ஜல்தி! ஸ்கூல் பஸ் வந்திரும்!"

டெல்லியில் பஸ் ஏறினால் சுவருக்குச் சுவர் 'குப்த் ரோக்' விளம்பரம், ரகசிய நோய்க்கு மருந்து என்று. பன்னிரண்டு வருஷமாக அதைப் பார்த்துப் பார்த்து, இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் கெட்ட சகவாசத்தால் வருவது என்று அவனுக்குள் ஊறிப்போயிருந்தது. ஒரு தப்பும் செய்யாதவன், செய்தவன் மாதிரி முழித்துக்கொண்டு திரிந்தான். மனைவி இளவரசியின் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே விட்டுவிட்டான்.

3

இப்போது என் பங்கு.

மார்ச்சில் என்னிடம் வந்தான். "அண்ணாச்சி, டாக்டர்ட்ட காட்டணும். அங்க மேசையச் சுத்தி பத்து பேரு நிக்கானுவ. வாயால சொல்ல முடியாது. நீங்க ஒரு சீட்டு எழுதித் தாங்க, நீட்டிருதேன்."

"என்ன செல்வம், எங்க பிரச்சினை?"

அவன் வாயால் சொல்லவில்லை. கையைக் கீழே காட்டி, கட்டை விரலையும் சுட்டு விரலையும் சேர்த்து அளவைக் காட்டினான். எனக்குப் புரிந்தது. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்தும், அழகான ஆங்கிலத்தில் எழுதினேன்: 'மேற்படி நபருக்குச் சில வாரங்களாக அடிவயிற்றுப் பகுதியில் லேசான அசௌகரியம் இருந்துவருகிறது.'*

தெரிந்தவர் யார் கண்ணிலும் பட்டுவிடக்கூடாது என்று முனிர்காவில் ஏதோ ஒரு கிளினிக்குக்குப் போனான். கூட்டம். டாக்டர் சீட்டைப் படித்தார், வயிற்றை இரண்டு தட்டுத் தட்டினார், வாயுத் தொல்லைக்கு மாத்திரை எழுதினார். செல்வராஜ் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டு, இரண்டு மாதம் தவறாமல் விழுங்கினான்.

* எத்தனையோ கோப்புகளில் 'லேசான' என்று எழுதியிருக்கிறேன். இது ஒன்றுக்காகத்தான் தூக்கம் கெட்டது.

4

இந்த இடத்தில் எனக்கே பாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. லிஃப்டில் சின்னதாக ஒரு சத்தம் வந்தாலே ஆளை இறக்கிவிட்டு மெஷினை நிறுத்துகிறவன், தன் உடம்பில் வளர்கிற கட்டியை மூன்று மாதம் வைத்துக்கொண்டிருப்பானா? நம்பும்படி இல்லையே. வாசகர் கேட்பார்.

கேளுங்கள். அப்படியே, படித்த மனுஷன், ஐம்பத்திரண்டு வயதுக்காரன், ஒரு உறுப்பின் பேரை எழுதக் கூச்சப்பட்டு அடிவயிறு என்று எழுதுவானா என்றும் கேளுங்கள். செல்வராஜையாவது மன்னிக்கலாம்.

போன வாரம் அவன் வந்து, "அண்ணாச்சி, வளருது" என்றான். மறுநாளே சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப்போனேன். பழக்க தோஷம், நானே விளக்க ஆரம்பித்தேன். அந்த இளம் டாக்டர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "நீங்கள் இருங்கள். அவர் சொல்லட்டும்."

செல்வராஜுக்கு வியர்த்தது. அவனுக்குத் தெரிந்த ஹிந்தியில் அந்த உறுப்புக்கு இருந்தது ஆட்டோக்காரர்கள் சண்டையில் கத்துகிற சொல் ஒன்றுதான். அதையே சொன்னான். டாக்டர் சிரிக்கவில்லை. உள்ளே கூட்டிப்போய்ப் பரிசோதித்தார். திரும்பி வந்து ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார்.

"வலிக்கவே இல்ல சார்" என்றான் செல்வராஜ், சமாதானம் போல.

"வலித்தால் எல்லாரும் அன்றைக்கே ஓடி வந்துவிடுகிறார்கள்" என்றார் டாக்டர் ஹிந்தியில். "வலிக்காத கட்டி, ஒரு பக்கம் கனம், ஆறாத புண், சிறுநீரில் ரத்தம், எதுவானாலும் காரணம் தெரியவில்லை என்றால் உட்கார்ந்து யோசிக்கக்கூடாது. வருகிறவர்களில் நிறையப் பேரை ஒன்றுமில்லை என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். அதைச் சொல்வதற்கும் நான் பார்த்தாக வேண்டுமே, அண்ணா?"

ஸ்கேன் எடுத்த இடத்தில் செல்வராஜ் என் நம்பரைக் கொடுத்தான். வீட்டுப் போனுக்கு வந்தால் இளவரசி பார்த்துவிடுவாளாம்.

5

ஐந்தரைக்கு எழுத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. இளவரசி போன் செய்தாள்.

"அண்ணாச்சி, அவுக எங்கிட்ட எதையோ மறைக்காக. வேற யாரும் இருக்காங்களோன்னு கூட நெனச்சுட்டேன். ஒங்களுக்குத் தெரியாம இருக்காது. சொல்லுங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. லேசா வேலை டென்ஷன்."

லேசா! பாருங்கள், இன்னும் என் வாயிலிருந்து அது போகவில்லை. போனை வைத்துவிட்டு என் கன்னத்தில் நானே ஒன்று போட்டுக்கொண்டேன்.

6

கதைக்கு மூன்று முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அது வெறும் நீர்க்கட்டி. செல்வராஜ் சிரிக்கிறான், எல்லாரும் டீ குடிக்கிறோம். (எனக்கும் ஆசைதான்.)

அல்லது அது பொல்லாத கட்டி, ஆனால் நேரத்தோடு பிடித்தாகிவிட்டது. ஆபரேஷன், சில மாதம் மருந்து, மறுபடி லிஃப்ட் வேலை. (இப்படிக் குணமாகிறவர்கள் நிறைய என்று டாக்டரே அன்றைக்குச் சொன்னார்.)

அல்லது, அந்த இரண்டு மாத மாத்திரை

(இதை முடிக்க மாட்டேன். அந்தச் சீட்டை எழுதிய கை இது.)

7

ஆறுக்கு இரண்டு நிமிஷம். கீழே செல்வராஜின் குரல் கேட்கிறது. கூடவே இன்னொரு குரல். ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். இளவரசி. அழுதிருக்கிறாள், முகம் வீங்கியிருக்கிறது. அவன் சட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறாள். எனக்கு வந்திருக்க வேண்டிய தைரியம் அவனுக்கு வந்திருக்கிறது. அவளிடம் சொல்லிவிட்டான்.

முதல் வாக்கியம் இன்னும் கிடைக்கவில்லை. பரவாயில்லை. ரிப்போர்ட்டில் உள்ளதை உள்ளபடி, உறுப்பின் பேரோடு, வரி விடாமல் படித்துக் காட்டப்போகிறேன்.

அதில் என்ன இருக்கிறது என்று இவ்வளவு தூரம் கூட வந்த நீங்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். முதலில் கேட்க வேண்டிய இரண்டு பேர் படியேறி வந்துகொண்டிருக்கிறார்கள்.