நோயாளியாகப் படுத்தவள்

எனக்குப் பக்கவாதம்; வலது பக்கம் விழுந்து மூன்று மாதமாகிறது. சூடு, குளிர் தெரியும்; சொல்ல வராது. வயது எழுபத்தெட்டு. பிள்ளைகள் இரண்டு பேரும் கனடாவில். தண்ணீர் கண்ணில் பட்டால் முகத்தைச் சுளிக்கலாம். மற்றபடி சும்மா கிடக்க வேண்டும்.

சுலக்ஷனா இதை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு வலது கையைக் கட்டிலில் விழவிட்டாள். விளங்காத கை எப்படி விழுமோ அப்படியே விழுந்தது. அவளுக்கு வயது இருபத்திரண்டு. எடை முப்பத்தொன்பது கிலோ. காலையிலிருந்து அவளைத் துடைத்துக் குளிப்பாட்டுவது இது நான்காவது தடவை.

ஹட்டனில் ஒரு சாமான் கடையின் மாடியில் இருந்தது அந்தப் பயிற்சி நிலையம். வீடுகளிலும் முதியோர் இல்லங்களிலும் நோயாளிகளைப் பராமரிக்க ஆறு மாதம் சொல்லிக்கொடுத்துக் கடைசியில் சான்றிதழ் கொடுப்பார்கள். மாணவர்கள் எட்டுப் பேர். இன்றைக்குச் செய்முறைப் பரீட்சை. பரீட்சை எடுக்கக் கண்டியிலிருந்து ஒரு சிங்கள மெடம் வந்து கட்டிலின் கால்மாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நோயாளியை ஒருக்களிக்கவைத்து, விரிப்பு மாற்றி, முகம், கை, கால் துடைத்துவிட வேண்டும். ஆளுக்கு அரை மணி. நான்கு மணிக்கு மெடத்தைக் கூட்டிப்போக வேன் வரும்.

சுலக்ஷனாவும் அந்த எட்டுப் பேரில் ஒருத்திதான். பரீட்சையில் அவள் முறை எட்டாவது.

ஆரம்பத்தில் நோயாளியாக ஒரு பொம்மை இருந்தது. ஆள் உயரம், வெள்ளைத் தோல், நீலக் கண். பெட்டியைத் திறந்த அன்றைக்கே பிள்ளைகள் அதற்குத் 'தொரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தேயிலைத் தோட்டத்தில் துரையின் பங்களாப் பக்கம்கூடப் போயிராத பிள்ளைகள், துரையின் சட்டையைக் கழற்ற வேண்டியிருந்தது. முதல் வாரம் யாருக்கும் கை வரவில்லை. "மன்னிச்சுக்கங்க தொரை" என்று சொல்லிவிட்டுத்தான் நிஷாந்தி அதன் பொத்தானைத் தொட்டாள். இரண்டாம் வாரம், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் பாடத்தில், துரையின் இடது கால் இடுப்போடு கழன்று தர்ஷனின் கையில் வந்துவிட்டது. தர்ஷன்தான் வகுப்பில் ஒரே ஆண். காலை வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு துரை மூலையில் ஒரு போர்வைக்குள் போனார்.

"ஆர் பிள்ளையள் உங்களுக்குள்ள பாரம் குறைஞ்சது?" என்று கேட்டார் கனகாம்பிகை மிஸ். யாழ்ப்பாணத்து மனுஷி, முப்பது வருஷம் பெரிய ஆஸ்பத்திரிகளில் தாதியாக இருந்துவிட்டு, இங்கே படிப்பித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் சுலக்ஷனாவைப் பார்த்தார்கள்.

"நீர் ஏறிப் படும். கண்ணை மூடும். உமக்கு இப்ப பாரிசவாதம்."

அவள் ஏறிப் படுத்தாள். நிஷாந்தி வாளியில் துணியை நனைத்துப் பிழிந்து, புத்தகத்தில் உள்ளபடி குனிந்து, "தண்ணி சூடு போதுங்களா?" என்று கேட்டாள்.

இருபத்திரண்டு வயதுவரை அவளிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. வட்டவளைக்குப் பக்கத்துத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்றில், ஒரே அறைக்குள் அவர்கள் ஐந்து பேர். தண்ணீர் சூடாக இருந்தால் அது முதலில் அப்பாவுக்கு. அம்மாவுக்கு அன்பு இல்லாமல் இல்லை. விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடும் மனுஷிக்குத் தண்ணீரின் சூட்டை விசாரிக்க நேரமில்லை. பதில் சொல்லலாம் என்றால் அன்றைக்கு அவள் பேச்சில்லாத நோயாளி. கண்ணோரம் நனைந்து காதுக்குள் போயிற்று.

"பாருங்கோ," என்றார் மிஸ் வகுப்பிடம். "இப்பிடியான ஆக்கள் காரணமில்லாமல் அழுவினம். எழுதிக்கொள்ளுங்கோ."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து கட்டில் அவளுடையதாயிற்று. இடுப்பு எலும்பு முறிந்தவளாக, ஞாபகம் போனவளாக, முதுகில் புண் வந்தவளாக மாறி மாறிப் படுத்தாள். யாருடைய நகம் கீறும், யாருடைய மோதிரம் குளிரும், யார் தன் தலைக்கு மேலால் வீட்டுக் கதை பேசிக்கொண்டே காலைத் துடைப்பார்கள் என்றெல்லாம் கண்ணை மூடியபடியே அவளுக்குத் தெரியும். "உம்மைப்போல நோயாளி எனக்குப் பெரியாஸ்பத்திரியிலயும் கிடைச்சதில்லை" என்று மிஸ் சொன்ன நாளில் அவள் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். அதைப் பிறகு நினைத்தபோது அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பதிவுப் புத்தகம் உண்டு. செய்த வேலைக்கு நேரே மிஸ் கையெழுத்து வைப்பார். கையெழுத்து நிரம்பாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. சுலக்ஷனா அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. தோட்டத்தில் கணக்கப்பிள்ளை சிலரைக் கொழுந்து எடுக்க விடுவார், சிலரைப் புல்லு வெட்ட விடுவார், ஒருத்தியைத் தேத்தண்ணி ஊத்த விடுவார். எந்த வேலைக்கு நிறுத்தினாலும் சாயந்தரம் அன்றைய கூலிக்குப் பேர் விழும். படுக்கிற வேலைக்கு விட்டிருக்கிறார்கள். பேர் விழுந்துகொண்டிருக்கும் என்று அவள் நினைத்தாள். பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது புத்தகத்தைத் திறந்தால் முதல் இரண்டு வாரத்துக்குப் பிறகு பக்கங்கள் வெள்ளையாக இருந்தன.

அம்மாவிடம் சொன்னாள்.

"அதெப்படி?" என்றாள் அம்மா, அடுப்பிலிருந்து திரும்பாமலே. "வேலைக்குத்தானே படுத்தே? வீட்லயா படுத்தே? பேரு போட்டுத்தானே ஆகணும்?"

"படுக்கிறதுக்குப் பேரு இல்லயாம்மா."

"அப்ப எதுக்குடி படுத்தே?"

இந்தக் கேள்விக்குச் சுலக்ஷனாவிடம் பதில் இருந்தது. அதை அம்மாவிடம் சொல்ல முடியாது. பிடித்திருந்தது, அதனால் படுத்தேன். மற்றவர்கள் 'நான் செய்றேன் மிஸ்' என்று கை தூக்கியபோது, தன் கை மட்டும் தூங்கிவிட்டதுபோல் கிடந்ததற்குப் பாரிசவாதம் காரணமில்லை. முறை வேண்டும் என்று கேட்டிருந்தால் மிஸ் தந்திருப்பார். அவள் கேட்கவில்லை. ஆறு மாதமாகத் தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டு, வெந்நீரும் விசாரிப்புமாக ஒரு சொகுசில் கிடந்திருக்கிறாள்.

நுவரெலியாவில் ஒரு முதியோர் இல்லம் அவளை வேலைக்கு எடுப்பதாக எழுதியிருந்தது. அடுத்த மாதம் முதலாம் திகதி சான்றிதழோடு வர வேண்டும். இந்தப் பரீட்சையை விட்டால் அடுத்தது எட்டு மாதம் கழித்து. இல்லம் எட்டு மாதம் காத்திருக்காது, கடிதத்திலேயே போட்டிருந்தது.

மிஸ்ஸிடம் போய் நின்றாள். மிஸ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "அட கடவுளே, எனக்கும் நினைவில்லாமல் போச்சுது பிள்ளை" என்றார். பொய்யாகக் கையெழுத்து வைக்க அவருக்கு மனமில்லை. அதனால் கடைசி வாரம் முழுவதும் மற்றவர்கள் போன பிறகு சுலக்ஷனா வேலை செய்தாள், நிஷாந்தி படுத்தாள். நிஷாந்தி மோசமான நோயாளி. உள்ளங்காலைத் தொட்டால் துள்ளினாள்.

"ஒனக்குப் பக்கவாதம்டி. சிரிக்காத."

"பக்கவாதக்காரிக்குக் கூச்சம் இருக்காதா? எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கு?"

"வாய மூடு. ஒனக்குப் பேச்சும் வராது."

ஆனால் வேலை அவளுக்கு வந்தது. எங்கே பிடித்தால் வலிக்கும், எங்கே பிடித்தால் பயம் போகும் என்பது அவள் உடம்பில் முன்பே எழுதியிருந்தது. கழுத்துக்குக் கீழே கை கொடுக்கும்போது நிஷாந்தி சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள்: "ஒன் கை நல்லா இருக்குடி." சனிக்கிழமை மிஸ் புத்தகத்தின் கடைசிக் கட்டத்தில் கையெழுத்து வைத்து, பரீட்சைப் பட்டியலில் எட்டாவதாக அவள் பெயரை எழுதினார். அவளுக்கு மட்டும் நிஷாந்தி படுப்பாள் என்று ஏற்பாடு.

இன்றைக்கு நிஷாந்தி ஐந்தாவது. சுத்தமாகச் செய்தாள். ஆறாவது தர்ஷன். பிசகில்லாமல் செய்துகொண்டு வந்தவன், ஒருக்களிக்க வைக்கும் இடத்தில் சுலக்ஷனாவின் தோளைத் தொட்டு, கணீரென்று, "தொரை, இப்ப இடப்பக்கம் திருப்பப் போறேங்க" என்றான்.

மெடத்துக்கு அரைத் தமிழ் தெரியும். எழுதுவதை நிறுத்தி, "தொரை எங்கே?" என்று கேட்டார்.

எல்லோர் கண்ணும் மூலைப் போர்வைக்குப் போயிற்று. யாரோ வாயைப் பொத்திக்கொண்டார்கள். மெடம் எழுந்துபோய்ப் போர்வையைத் தூக்கி, நீலக் கண்ணையும் தனியே கிடந்த காலையும் பார்த்துவிட்டு, போர்வையை முன்போலவே மூடினார். அறையே சிரித்தது, சுலக்ஷனாவைத் தவிர. அவளுக்கு வலது பக்கம் விளங்காது; பேச்சும் வராது. அவள் அசையாமல் கிடந்ததில் தர்ஷன் பிழைத்துக்கொண்டான்.

ஏழாவது ஆள் முடிந்தபோது மூன்றேகால் மணி. சுலக்ஷனாவின் பாதங்கள் ஏழு தடவை நனைந்து தோல் சுருங்கியிருந்தன. அவள் எழுந்து கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள். ஏப்ரன் எதிரே நாற்காலியில் மடித்திருந்தது. நிஷாந்தி தலைமுடியை அவிழ்த்துவிட்டுப் படுக்கத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

மெடம் மிஸ்ஸிடம் சிங்களத்தில் நீளமாக ஏதோ சொன்னார். சுலக்ஷனாவுக்கு முக்கால்வாசி புரிந்தது. இப்படி ஒரு நோயாளியை எந்த நிலையத்திலும் பார்த்ததில்லையாம். சம்பளத்துக்கு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை, எங்கள் மாணவிதான் என்றார் மிஸ், பெருமையாக. அப்படியென்றால் போவதற்கு முன் ஒரு வீடியோ எடுத்துக்கொள்கிறேன் என்றார் மெடம். நீங்கள் செய்யுங்கள், இந்தப் பிள்ளை படுக்கட்டும், மற்ற நிலையங்களுக்குக் காட்டலாம். மேலிடத்திலும் காட்டி, இந்த நிலையத்துக்குப் புதுப் பொம்மை ஒன்று கேட்டுப் பார்க்கிறேன்.

மிஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஒருத்தி இருக்கிறாள் என்று சொன்னார். நான்கு மணிக்குள் இரண்டில் ஒன்றைத்தான் செய்யலாம் என்றார் மெடம், கோபமில்லாமல். வேன் காத்திருக்காது, எதுவென்று நீங்களே சொல்லுங்கள்.

மிஸ் கட்டிலருகே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சுலக்ஷனா, ஒருக்காத்தான் பிள்ளை. ஏறிப் படும். புதுப் பொம்மை வந்தால் இனி வாற பிள்ளையளுக்கு எவ்வளவு உதவி, யோசிச்சுப் பாரும். அடுத்த முறை முதலாவது ஆள் நீர்தான், நான் பொறுப்பு."

"அடுத்த மொற எட்டு மாசம் கழிச்சு மிஸ்."

"எட்டு மாசம் என்ன பிள்ளை, ஓடிப்போயிடும்."

மெடம் கைத்தொலைபேசியைத் துடைத்து வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தார். நிஷாந்தி அவிழ்த்த முடியைக் கையில் பிடித்தபடி நின்றாள். கட்டிலில் சுலக்ஷனாவின் சூடே இன்னும் இருந்தது. படுத்தால் மிஸ்ஸின் முப்பது வருஷத்துக் கை துடைத்துவிடும். அது மற்ற ஏழு பேரின் கையைப்போல் இருக்காது. அந்தக் கை எப்படி இருக்கும் என்று ஆறு மாதமாக அவளுக்கு ஆசை. இப்போதும் ஆசை இருந்தது. அதை மறைக்க அவள் முயலவில்லை. முதுகு தன்பாட்டில் தலையணைப் பக்கம் சாயப் பார்த்ததையும் கவனித்தாள். அவள் இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றினாள். சிமெந்து குளிர்ந்தது.

"என்ன பிள்ளை, நேரம் போகுது." மிஸ் அவளுடைய முழங்கைக்குக் கீழே ஒரு கையும் முதுகுக்குப் பின்னால் ஒரு கையும் கொடுத்தார். கட்டிலில் ஏற்றிவிடும் பிடி. கொஞ்சமும் பிசகாத பிடி. "ம், காலைத் தூக்கும்."

சுலக்ஷனா காலைத் தூக்கவில்லை. முழங்கைக்குக் கீழே இருந்த விரல்களை வலிக்காமல் எடுத்துவிட்டாள்.

"நான் படுக்கல மிஸ்" என்றாள்.