ஏழாம் எதிரியின் குரல்

பொன்னுரங்கத்தின் குரலைக் கேட்காத தமிழன் கிடையாது. அது அவருடைய குரல் என்று தெரிந்த தமிழனும் கிடையாது. முப்பது வருடமாக சினிமா டப்பிங்கில் அவர் கும்பல். சந்தையில் பேரம் பேசும் கும்பல், தலைவர் வாழ்க என்று தொண்டை கிழியக் கத்தும் கும்பல், போலீஸ் வந்ததும் ஐயோ அம்மா என்று சிதறி ஓடும் கும்பல். எட்டுப் பேர் ஒரே மைக்கைச் சுற்றி நின்று எண்பது பேராகக் கத்துவார்கள். அதில் ஒருவன் குரல் மட்டும் தனியாகத் தெரிந்துவிட்டால் அன்றைக்கு அவனுக்கு நல்ல வசவு விழும்.

அப்பேர்ப்பட்ட மனிதரைப் போன வியாழக்கிழமை காலை மயிலாப்பூரில் ஒரு ஸ்டுடியோவுக்குள் தனி ஆளாக மைக் முன்னால் நிறுத்திவிட்டார் மஹதி. தென்னாப்பிரிக்காவைப் பற்றிய தொடர் ஒன்றைத் தமிழில் பேசவைக்கும் இயக்குநர் அவர். கறுப்பர்களை வெள்ளை அரசாங்கம் ஆட்டிப்படைத்த காலத்துக் கதை. எதிர்த்து நின்ற தலைவர்கள் ஒன்பது பேர் மேல் ராஜத்துரோக வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவனைக் கோர்ட்டுத் தமிழில் எதிரி என்பார்கள். முதல் ஆறு எதிரிகளுக்கும் பேர் போன குரல்கள் அமைந்துவிட்டன. ஏழாம் எதிரி துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். அவனுக்காக வந்து பேசிப் பார்த்தவர்கள் எல்லாம் செய்தி வாசித்தார்கள்.

“மூட்டை தூக்கின குரல் வேணும் எனக்கு” என்று அடம்பிடித்து, கும்பலிலிருந்து பொன்னுரங்கத்தை இழுத்து வந்தார் மஹதி. தயாரிப்பாளருக்கு இதில் இஷ்டமே இல்லை. மதியத்துக்குள் மாதிரிப் பதிவு வராவிட்டால் வழக்கமான ஆளையே போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

பொன்னுரங்கம் ஐம்பத்தெட்டு வயதில் முதன்முதலாக ஒரு முகத்துக்குக் குரல் கொடுக்கப் போகிறார். இந்த வாய்ப்பு போனால் இன்னொன்று வரப்போவதில்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

“அண்ணே, ரெண்டடி முன்னால வாங்க. ஏன் சுவரோட ஒட்டிக்கிறீங்க?” கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் சாய்சரண் சொன்னான்.

வந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் கூண்டுக்குள் ஏழாம் எதிரி எழுந்து நின்றான். ஹெட்போனில் நீதிபதியின் தமிழ்க் குரல் கேட்டது. “ஏழாம் எதிரி, குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா?”

“ஒத்துக்கறேன் ஐயா” என்றார் பொன்னுரங்கம்.

சாய்சரண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மஹதிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கையில் வசனத் தாள் இருக்கிறது, அதில் கொட்டை எழுத்தில் ‘இல்லை’ என்று இருக்கிறது. இவர் என்னடாவென்றால் புரட்சிக்காரனை ஒரே வார்த்தையில் உள்ளே தள்ளிவிட்டார்!

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் “ஒத்துக்கறேன் ஐயா.” மூன்றாவது முறை அவர் கை இரண்டும் தானாகக் கூப்பிக்கொண்டன. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மஹதி எழுந்து உள்ளே வந்தார். “என்னாச்சு பொன்னுரங்கம்? உடம்பு சரியில்லையா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம். ஜட்ஜு கேட்டாருன்னா எனக்கு வாயில அதான் வருது.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஆத்தோரம் எங்க வூட்டையெல்லாம் இடிக்க வந்தப்போ ஜேசிபி முன்னால குந்திக்கினோம், நாப்பது பேரு. என் வூட்டுக்காரி தேவானையும் பக்கத்துலதான் குந்திக்கினு இருந்தா. யாரையும் தொடக்கூட இல்ல. ஆபீசருங்கள அடிச்சோம்னு கேஸ் போட்டாங்க. வக்கீலு காதுல வந்து, ‘ஒத்துக்கறேன் ஐயான்னு சொல்லிடு, அபராதத்தோட போயிடும், இல்லாங்காட்டி வருசக்கணக்கா வாய்தாவுக்கு அலையணும்’னாரு. நாப்பது பேரும் வரிசையா அதையே சொன்னோம்.”

“பயந்துட்டேளா?”

“பயம் இல்ல மேடம். ஆனா அன்னிக்கு மொத ஆளா நின்னவன் நான். எல்லாரும் என் வாயத்தான் பாத்துக்கினு இருந்தாங்க. நான் ஒத்துக்கினதாலதான் மத்தவங்களும் ஒத்துக்கினாங்க.”

அவமானம் அப்போதும் அவர் முகத்தில் பச்சையாகத் தெரிந்தது. மஹதி ஏதோ உதவி செய்வதாக நினைத்து, “நீதிபதி குரலை ஹெட்போன்லேர்ந்து எடுத்துடச் சொல்லட்டுமா?” என்று கேட்டார்.

பொன்னுரங்கம் யோசித்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்து, “தம்பி, ஜட்ஜு குரல இன்னும் கொஞ்சம் சத்தமா வையிப்பா” என்றார்.

நீதிபதி காதுக்குள் அதட்டினார். ஏழாம் எதிரி வாயைத் திறந்தான்.

“இல்லை. நான் பிறந்த ஊரில் நான் நடப்பதற்கு ஒரு சீட்டு வேண்டும் என்றது உங்கள் சட்டம். அந்தச் சீட்டைக் கொளுத்தினேன். குற்றம் எதுவும் செய்யவில்லை.”

கத்தவில்லை, அழவில்லை. பக்கத்து வீட்டுக்காரனிடம் வழி சொல்வது போலச் சொன்னார். திரையில் அசைந்த உதட்டுக்கு இம்மி பிசகவில்லை. மஹதி தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். அதையே அனுப்பினார்கள். அரை மணி நேரத்தில் தயாரிப்பாளர், இந்த ஆள் இத்தனை நாள் எங்கே இருந்தார் என்று கேட்டுப் பதில் போட்டிருந்தார்.

“ஏழாம் எதிரிக்கு ஆயுள் தண்டனை” என்றார் மஹதி சிரித்துக்கொண்டே. “இன்னும் நாலு எபிசோடு ஜெயில்ல இருக்கணும். நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடுங்கோ.”

பொன்னுரங்கத்துக்குச் சந்தோஷம் தாளவில்லை. குளத்தங்கரை பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும் முந்தின ராத்திரியே கதையைச் சொல்லிவைத்திருந்த தேவானைக்குப் போன் போட்டார்.

“இன்னாய்யா ஆச்சு?”

“ஆயுள் தண்டனைமே!”

“அட, நல்லதாப் போச்சு. ஜட்ஜு கேட்டப்போ இன்னா சொன்ன?”

“குத்தம் எதுவும் செய்யலன்னேன்.”

ஆற்றோரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய்க் குடிவைத்த பெரும்பாக்கத்தில் அடுப்பை அணைக்கும் சத்தம் போனில் கேட்டது.

“நானுந்தான்யா செய்யல” என்றாள் தேவானை.