லைன்மேனின் இடது கை

பக்கவாதம் வந்தபோது மின்வாரிய லைன்மேனின் வலது பக்கத்தையும் பேச்சையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போனது. என்ன நினைத்ததோ, ஒரே ஒரு சொல்லை மட்டும் விட்டுவைத்தது. சரி. பசிக்கிறதா என்று கேட்டாலும் 'சரி', பசிக்கவில்லையா என்று கேட்டாலும் 'சரி'. வாழ்நாளெல்லாம் எதற்கெடுத்தாலும் முடியாது என்று மல்லுக்கு நின்ற மனிதருக்கு மிஞ்சிய சொல்லைப் பாருங்கள்! வேண்டும், வேண்டாம் என்பதெல்லாம் இனி அவருடைய இடது கையில்தான் இருந்தது. வேண்டுமென்றால் தொடையைத் தட்டுவார். வேண்டாமென்றால் கைக்கு எது அகப்பட்டாலும் இறுகப் பிடித்துக்கொள்வார். அதை விடுவிப்பதற்குள் நமக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

மகள் பஸ் கண்டக்டர். வாயும் கொஞ்சம் நீளம். காலையில் வேலைக்குப் போகும்போது அப்பாவைப் பகல்நேர இல்லத்தில் விட்டுவிட்டு, மாலையில் வந்து கூட்டிக்கொண்டு போவாள். ஊரில் அப்படி ஓர் இடம் அது ஒன்றுதான். நடத்துவது ஒரு சமயச் சங்கம். சாப்பாடு, சம்பளம், உடற்பயிற்சி எல்லாவற்றுக்கும் பெரும்பகுதிப் பணம் அரசாங்கத்தினுடையது. வாசல் பலகையில் இரண்டின் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருக்கும். இல்லத்தைப் பற்றி ஒரு சொல் குறை சொல்ல அவளுக்கு வாய் வந்ததில்லை. படுக்கை விரிப்பெல்லாம் பளிச்சென்று இருக்கும். பயிற்சி கொடுப்பவர் தங்கமான மனிதர். சக்கர நாற்காலியை ஒரு கையால் மட்டும் தள்ளினால் அது செக்குமாடு மாதிரி வட்டமடிக்கும் என்று, இடது கையோடு இடது காலையும் சேர்த்துத் தள்ளப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் பஸ் நடுவழியில் படுத்துவிட்டது. மதியமே இல்லத்துக்கு வந்தவள், பிரார்த்தனைக் கூடத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். சாப்பாட்டுக்கு முந்திய பிரார்த்தனை. எல்லாரும் கைகூப்பி உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவும்தான். இல்லத்து ஆயாம்மா அவருக்குப் பின்னால் நின்று, செத்துக் கிடந்த வலது கையை எடுத்து, இடது கையோடு சேர்த்து, இரண்டையும் தன் கைக்குள் வைத்து அமுக்கிப் பிடித்திருந்தாள். அப்பா சாமியைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த சுவிட்சுப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாச் சாமிக்கும் விளக்குப் போட்டுக் கொடுத்தவர் அவர். எந்தச் சாமியையும் கும்பிட்டதில்லை. வேலைக்கு வந்தேன், வேண்டிக்க வரல என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அதனால் எத்தனையோ வீட்டில் காப்பித் தண்ணி கூடக் கிடைக்காமல் திரும்பியிருக்கிறார், அதற்கெல்லாம் அசந்ததில்லை. அந்தக் கையையா பிடித்துக் கூப்ப வைப்பது?

நேரே இல்லத் தலைவியிடம் போனாள். தலைவி பதறவில்லை. யாரையும் இங்கே கட்டாயப்படுத்துவதில்லை என்றார். "கேட்டுட்டுத்தாம்மா செய்யறோம். பிரார்த்தனைக்கு வரீங்களான்னு தினமும் கேக்கறோம். சரின்னுதான் சொல்றாரு."

அந்தச் சரியின் கதையை அவள் விளக்கிச் சொன்னாள். தலைவி காது கொடுத்துக் கேட்டார், ஆனால் மனது கொடுக்கவில்லை. கடைசியில், இந்த இடத்துக்காக எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள், பிடிக்காவிட்டால் தாராளமாக வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று மிருதுவாகச் சொன்னார். மிருதுவாகச் சொன்னதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. வேறு இடம் எங்கே இருக்கிறது? அப்பாவை வீட்டில் பூட்டி வைத்துவிட்டா டிக்கெட் கிழிக்கப் போவது?

தம்பி வெளியூரிலிருந்து போனில் புத்தி சொன்னான். கை கூப்பினால் என்ன தேய்ந்தா போய்விடும், இருக்கிற இடத்தையும் கெடுத்துக்கொள்ளாதே என்றான். தேயுதா இல்லையான்னு கைக்குச் சொந்தக்காரர் சொல்லட்டும்டா என்று போனை வைத்துவிட்டு, மறுநாளே நலத்துறை அலுவலகத்தில் போய் நின்றாள். அங்கே நாளைக்கு வா, அடுத்த வாரம் வா என்று அவளைப் பந்தாடினார்கள். அவளும் விடுவதாக இல்லை. இந்தத் தொல்லை தாங்காமலே ஓர் அதிகாரி இல்லத்துக்குக் கிளம்பி வந்தார்.

பிரார்த்தனை நேரம். கூடம் நிறைந்திருந்தது. அதிகாரி லைன்மேன் முன்னால் குனிந்து மரியாதையாகக் கேட்டார். "ஐயா, நீங்க விருப்பப்பட்டுத்தான் இங்க உக்கார்றீங்களா?"

"சரி."

தலைவியின் முகம் மலர்ந்தது. மகள் முன்னால் வந்தாள்.

"அப்பா, உன் பொண்ணு ஒரு கழுதைதானே?"

"சரி."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"இந்தக் கூரை இப்ப நம்ம தலையில விழப்போவுதா?"

"சரி."

அவள் அதிகாரி பக்கம் திரும்பினாள். "இந்த ஒரு வார்த்தையை வச்சு அவர் சொத்தையே எழுதி வாங்கிடலாம், சார். இவங்க கும்பிடு வாங்கியிருக்காங்க."

தலைவிக்கும் ரோஷம் வந்தது. அதுவும் நியாயமான ரோஷம்தான். அரசாங்கம் திரும்பிப் பார்க்காத காலத்திலேயே இவர்களைக் குளிப்பாட்டிவிட்டது எங்கள் சங்கத்து ஆட்கள், இந்தப் பிரார்த்தனை இல்லாவிட்டால் ஒருநாள் கூட இந்த வேலையைச் செய்ய எங்களுக்குத் தெம்பிருக்காது என்றார். சொன்னது அத்தனையும் உண்மை என்று மகளுக்கும் தெரியும்.

"நீங்க கும்பிடுங்க மேடம், நல்லா கும்பிடுங்க. அவர் கையை மட்டும் விட்டுடுங்க."

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆயாம்மாவைப் பார்த்தார். ஆயாம்மா தலைவியைப் பார்த்தாள். பிறகு கையை எடுத்தாள்.

வலது கை பொத்தென்று மடியில் விழுந்தது. இடது கை சும்மா இருக்கவில்லை. சக்கரத்தைப் பிடித்தது. நாற்காலி திரும்பிச் சாமிக்கு முதுகைக் காட்டியது, பெஞ்சில் இடித்து நின்றது. மகள் ஓடப்போனாள். பயிற்சியாளர் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார். லைன்மேன் இடது காலைத் தரையில் ஊன்றினார். ஓர் இழுப்பு, ஒரு தள்ளு. நெற்றி நரம்பு புடைத்தது. அரசாங்கப் பணத்தில் கற்ற வித்தையை அவர் முதன்முதலாக முழுசாகச் செய்துகாட்டினார். கூடத்தைக் கடந்து, வாசற்படிச் சரிவில் இறங்கி, வராந்தாவில் போய் நின்றார்.

அப்போதுதான் இரண்டாம் வரிசையில் தினமும் கண்மூடிக் கைகூப்பும் பழைய தபால்காரர் பேசினார்.

"என்னையும் கொஞ்சம் வெளிய தள்ளி விடுங்கம்மா. எனக்கும் கடவுள் உண்டு. ஆனா அவர் வேற."

தலைவி நிஜமாகவே திகைத்துப்போனார். இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"இடம் போயிடுமோன்னு பயம்தான்" என்றார் தபால்காரர்.

லைன்மேன், தபால்காரர் இருவருக்கும் சாப்பாடு வராந்தாவுக்கே போகட்டும் என்றார் அதிகாரி. மற்றதையெல்லாம் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று கழன்றுகொண்டார். ஆயாம்மாதான் இரண்டு தட்டையும் கொண்டுவந்து வைத்தாள். தலைவி பிரார்த்தனையைத் தொடங்கினார். குரல் வழக்கத்தைவிட மெதுவாகக் கேட்டது. லைன்மேன் தட்டைத் தொடவில்லை. உள்ளே பிரார்த்தனை முடிகிறவரை காத்திருந்து, அதற்குப் பிறகுதான் ஸ்பூனை எடுத்தார்.

மகள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வெற்றி பெற்ற மாதிரி அவளுக்குத் தோன்றவில்லை. அதிகாரி போய்விடுவார், தலைவி இருப்பார். இல்லத்தில் ஓர் ஆளைக் கழித்துவிட ஆயிரம் காரணம் சொல்லலாம். நாளைக்குக் கேட்டைச் சாத்திவிட்டால்? எல்லார் முன்னாலும் அப்பாவை இன்னொரு தரம் அலைக்கழிக்க வேண்டுமா? அத்தனை வாய் பேசியவளுக்குக் கடைசியில் அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

"நாளைலேர்ந்து வேணாம்ப்பா. நாம பேசாம வீட்டிலேயே இருந்துடலாமா?"

"சரி" என்றது வாய்.

இடது கை ஸ்பூனைக் கீழே போட்டுவிட்டுச் சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொண்டது. அவள் ஒவ்வொரு விரலாகப் பிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.