பின்னணி ஓசை

செவிலி நீட்டிய காகிதத்தில் கண்டக்டரம்மாவுக்கு வைத்திருந்த பெயர் ‘பின்னணி ஓசை’.

“எங்க வீட்ல நாந்தாம்மா முன்னணி ஓசை,” என்றாள் அவள். இரண்டு பேருந்து தள்ளி நிற்பவனையும் ஏறவைக்கும் குரல். செவிலி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். வெளியே பெஞ்சில் வீட்டுக்காரர் காத்திருந்தார்.

ஆஸ்பத்திரியின் குறட்டை ஆராய்ச்சியில் சேரப் பெயர் கொடுத்தவர் அவர்தான். தீப்பெட்டி அளவில் ஒரு கருவி, ஏழு ராத்திரி தலையணைக்குப் பக்கத்தில். சம்மதப் படிவத்தில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டிருந்தார். “இப்பதான்யா நம்ம குறட்டைக்கு ஒரு மரியாதை வந்திருக்கு” என்று தன் சைக்கிள் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார். கட்டிலில் இன்னொரு ஆளும் உண்டு என்பது யாருக்கும் தோன்றவில்லை.

“அஞ்சு ராத்திரியில உங்க குரலும் இருக்குக்கா. உங்ககிட்ட யாரும் கேக்கவே இல்ல. தப்பு எங்களோடது. உங்களக் கேக்குற வரைக்கும் நிறுத்தி வைக்கச் சொல்லி நெறிமுறைக் குழுவுல சொல்லிட்டாங்க.”

“திட்டியிருப்பேன். மனுசியத் தூங்க விட்டாத்தானே.”

“திட்டலக்கா.” செவிலி காகிதத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

கண்டக்டரம்மாவுக்குப் புரிந்துபோனது. இருபத்திரண்டு வருடமாக வீட்டுக்காரரை ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுகிறாள். சண்டையில்கூட அந்த ‘ங்க’ உதிர்ந்ததில்லை. குறட்டை சுருதி பிடித்த பிறகுதான் ‘டா’ வரும். டிப்போ வம்பு, முட்டி வலி, படியில் தொங்கிக்கொண்டு வந்த வாத்தியார், எல்லாவற்றையும் அவனிடம் கொட்டுவாள். ஆமாம், அவனிடம். கடைசியாக ஒன்று சொல்வாள். அதை விழித்திருக்கிற யாரிடமும் சொன்னதில்லை.

“எத்தன பேர் கேட்டீங்க?”

“நானும் டாக்டரும். ரெண்டு நிமிஷம். அப்புறம் நிறுத்திட்டோம்.”

“அழிச்சிடு.”

“அழிச்சிடலாம். ஆனா அந்த அஞ்சு ராத்திரியும் போயிடும். மிச்சத்த வச்சு அவரச் சேத்துக்க முடியாதுக்கா.”

கண்டக்டரம்மா கதவின் கண்ணாடி வழியே பார்த்தாள். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவருக்கு, தன் குறட்டை எவ்வளவு உயரம் போகும் என்று அவர் கையால் அளந்து காட்டிக்கொண்டிருந்தார்.

செவிலி கொடுத்த படிவத்தில் மூன்று கட்டங்கள். டாக்டர்கள் கேட்கலாமா? சரி என்று போட்டாள். மாணவர்களுக்குப் போட்டுக்காட்டலாமா? “பேர எடுத்துட்டாலும் குரல எடுக்க முடியுமா? பாதிப் பசங்க என் பஸ்லதான் வர்றானுங்க.” பெரிதாக ஒரு பெருக்கல் குறி.

“இது என்ன, மூணாவது?”

“அவருக்கு ஒரு காப்பி வேணும்னு கேட்டிருக்காரு. நீங்க வேண்டாம்னா குடுக்க மாட்டோம். ஏன்னும் கேக்க மாட்டோம்.”

பேனா கட்டத்தின் மேல் நின்றது. எதற்கும் அவளை யாரும் இப்படிக் கேட்டதில்லை. பதிலைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருக்கலாம் போல இருந்தது. வைத்திருந்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

“தலைக்கனம் ஏறிடும் மனுசனுக்கு,” என்று சொல்லிக்கொண்டே போட்டாள், சரி என்று. “இப்பவே போட்டுக் காட்டு. நான் உள்ள இருக்க மாட்டேன்.”

அவர் உள்ளே போனார். அவள் வெளியே நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தன் குறட்டையைக் கேட்டு ஜோராகத் தலையாட்டினார். தலை பாதி ஆட்டத்தில் நின்றது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். செவிலியின் விரல் பொத்தானை நோக்கிப் போனது. அவர் திரும்பாமலே ஒரு கையை உயர்த்தி, நிறுத்தவேண்டாம் என்று காட்டினார்.