சீக்காளி பங்கு

லாமெக் கிழவர் செத்துப் பதினொரு நாள் கழித்துக் கடலைத் திறந்தார்கள். இன்னும் பதினொரு நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தால் அவர் ஆசை தீரச் சிங்கி இறால் தின்றிருக்கலாம். சாவு யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது? மூத்த மகள் யோக்பெத்துக்குத்தான் அந்தப் பதினொன்று தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

அந்த வருஷம் பெண்கள் சாசிக்கு, அதாவது பெண்கள் காக்கும் கடல் தடைக்கு, அவள்தான் தலைவி. ஊருக்குக் கிழக்கே இரண்டு பாறைத் திட்டுகளுக்கு நடுவிலுள்ள கடல் பெண்களின் பொறுப்பு. சர்ச்சில் ஜெபம் பண்ணி, கழி நட்டு, தென்னங்குருத்தைக் கட்டிச் சாசி போட்டுவிட்டால் ஒரு வருஷத்துக்கு யாரும் அங்கே மூழ்கக் கூடாது. கடல் அட்டை, சங்கு, சிங்கி இறால் எதையும் தொடக் கூடாது. மீறி எடுத்தால் எடுத்ததைக் கடலுக்கே திருப்பித் தர வேண்டும், குழம்பாகக் கொதித்துக்கொண்டிருந்தாலும் சரி. எடுத்தவர் படகுத்துறையிலிருந்து சர்ச் வரைக்கும் தகரத்தைத் தட்டியபடி, செய்ததைத் தன் வாயாலேயே சொல்லிக்கொண்டு நடக்க வேண்டும்.

தலைவியைத் தேர்ந்தெடுத்த அன்று, அதற்கு முந்தைய தலைவி செல்ஃபினா பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: "லாமெக் மகளையா போட்டிருக்கீங்க? நல்லாருக்கு போங்க. பாலுக்குப் பூனை காவல்!"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. லாமெக் வாய்க்கு ருசியாகத் தின்பவர் என்பது ஊரறிந்த விஷயம். யோக்பெத்தும் சிரித்து வைத்தாள். ஆனால் தன் கையில் சாசி இருக்கும்வரை ஒரு நண்டுக்கால்கூடத் தன் குடும்பத்துக்குள் வராது என்று அன்றைக்கே மனசுக்குள் சபதம் போட்டுக்கொண்டாள். மானஸ்தி. மானம் பெரிய விஷயம்தான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் அதில் சாறு வைத்துக் குடிக்க முடியாது.

சோரோங் நகரத்து ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கிழவரைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். இளைய மகள் ஓர்பாவின் வீட்டில் பாயில் கிடந்தார். ஒருநாள் காலையில் யோக்பெத் சாகோப் பனை மாவுக் கூழ் கொண்டு போனாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கூழப் பாத்தாலே கொமட்டுது மகளே. கெழக்குப் பாறையில ஒரு சிங்கி எறா... எலுமிச்ச பிழிஞ்சு சாறா வெச்சா, ரெண்டு வாய் எறங்கும்."

"இன்னும் மூணே வாரம்பா. கடல் தெறக்கட்டும், வாளி வாளியா கொண்டாரேன்."

"மூணு வாரமா? அதுக்குள்ள எறா என்னத் தின்னுரும்!" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, அடங்க வெகுநேரம் ஆனது.

ஓர்பா படி வரைக்கும் பின்னாலேயே வந்தாள். "அக்கா, சீக்காளி பங்கு கேளேன். அதுக்குத்தான வெச்சிருக்காங்க?"

அப்படி ஒன்று உண்டு. தலைவியும் இன்னும் இரண்டு பெண்களும் பாஸ்டரிடம் போய்ச் சொல்லி, ஜெபம் பண்ணிவிட்டு, நோயாளி கேட்டதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளை பெற்றுக் கிடந்த ஒருத்திக்காகப் போன வருஷம் செல்ஃபினாவே எடுத்துக் கொடுத்தாள். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.

"பாப்போம்டி," என்றாள் யோக்பெத்.

பாஸ்டர் வீட்டுக்குப் போகத்தான் செய்தாள். அங்கே வாசல் பெஞ்சில் செல்ஃபினா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். பாஸ்டர், "என்னம்மா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன பாட்டு என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டாள். மறுநாள் போகலாம் என்று நினைத்தாள். மறுநாள் வலை பொத்தல் என்று ஒரு சாக்கு, அதற்கு மறுநாள் மழை. நாலு நாள் ஓடியது.

ஐந்தாம் நாள் ஓர்பா தானே மூழ்கிவிட்டாள்.

எலுமிச்சையும் இஞ்சியும் போட்டு இறால் கொதிக்கிற வாசனையை எந்த ஊரில் மறைக்க முடியும்? செல்ஃபினா முன்னால், நாலு பெண்கள் பின்னால், வந்து யோக்பெத் வீட்டு வாசலில் நின்றார்கள். "தலைவியம்மா, ஒரு எட்டு வரீங்களா?" என்றாள் செல்ஃபினா. அந்த 'அம்மா'வில் பழைய பூனை உட்கார்ந்திருந்தது.

யோக்பெத் ஓர்பா வீட்டுக்குள் நுழைந்தபோது கிழவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். கையில் கிண்ணம். அவள் நேரே அடுப்படிக்குப் போய்ப் பானையைத் தூக்கினாள்.

"துணி வெச்சுப் புடி மகளே, கை சுட்டுக்கப் போற," என்றார் அவர். தனக்கு ஊற்றத்தான் தூக்குகிறாள் என்று நினைத்துக் கிண்ணத்தை நீட்டினார்.

அவள் அவரைத் தாண்டி வெளியே நடந்தாள். துறையின் நுனியில் நின்று பானையைக் கவிழ்த்தாள். நிமிஷத்தில் குஞ்சு மீன்கள் மொய்த்துக்கொண்டன.

அன்று சாயங்காலம் ஓர்பா தகரத்தைத் தட்டிக்கொண்டு நடந்தாள். "நான் ஓர்பா. சாசிக் கடல்ல ஒரு எறா புடிச்சேன். எங்கப்பாவுக்கு." கடைசி வார்த்தையைச் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அதைச் சொன்னாள், யோக்பெத் வீட்டு வாசலில் சற்று நின்று சொன்னாள். ஊர் தங்கையைத் திருடி என்றது, அக்காவை நேர்மையின் மறுபிறவி என்றது. கிழவர் அதற்குப் பிறகு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்தார். சவப்பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி என்று உட்கார்ந்திருந்தார்கள், ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்.

கடலைத் திறக்கும் அன்று சர்ச்சில் தலைவி எழுந்து நின்று, இந்த ஒரு வருஷத்தில் யாராவது தவறியிருந்தால் சொல்லட்டும் என்று கேட்பது வழக்கம். எல்லாரும் தலையைக் குனிந்துகொள்வார்கள், பாஸ்டர் ஆமென் சொல்வார், ஊர் கரைக்கு ஓடும். யோக்பெத் இரண்டு நாளாகவே தீர்மானித்திருந்தாள். எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டால் ஊர் தன்னைத் திட்டும், தகரத்தைக் கையில் கொடுக்கும், ஓர்பாவின் பேர் சுத்தமாகும், ஒருவேளை அவள் திரும்பிப் பார்ப்பாள்.

"தவறினது நான்தான்," என்றாள். "சீக்காளி பங்கு கேக்கலாம்னு எனக்குத் தெரியும். ஓர்பா கெஞ்சினா. நான்தான் கேக்கல. பூனைன்னு சொல்லுவீங்களேன்னு பயந்துட்டேன். எங்கப்பன் நீட்டின கிண்ணத்தத் தாண்டிப் போனேன். தகரம் தட்ட வேண்டியவ அவ இல்ல."

செல்ஃபினா மூக்கை உறிஞ்சினாள். ஓடி வந்து யோக்பெத்தைக் கட்டிக்கொண்டாள்.

"பெத்த அப்பனுக்குக்கூட வளஞ்சு குடுக்கலியே தாயி! உன்னயப் போயி பூனைன்னு சொன்னேனே, என் வாய் அழுகிப் போகட்டும்!"

"அப்படியில்லக்கா, நான் சொல்றத..."

"அடக்கத்தப் பாருங்க!" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. இப்படிப்பட்ட காவல் எந்தத் தீவுக்குக் கிடைக்கும் என்றார் பாஸ்டர். அடுத்த வருஷத்துக்கும் யோக்பெத்தே தலைவி என்று செல்ஃபினா கையைத் தூக்கினாள். சர்ச் முழுக்கக் கைகள் எழுந்தன. ஒரு கை மட்டும் மடியிலேயே கிடந்தது. யோக்பெத் இல்லை இல்லை என்று அழுதாள். அழுகையையும் அவள் கணக்கில் புண்ணியமாகவே சேர்த்துக்கொண்டார்கள்.

கரையில் குழந்தை குட்டியோடு ஊரே திரண்டிருந்தது. ஓர்பா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று நீச்சல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். யோக்பெத் கட்டிய பாவாடையோடு இறங்கிப் பக்கத்தில் போய் நின்றாள்.

"எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்டி. கேட்டியா?"

"கேட்டேன்."

"அவங்க அப்படி எடுத்துக்கிட்டா நான் என்னடி பண்ணுவேன்?"

ஓர்பா கண்ணாடியை மாட்டினாள். பட்டையைச் சரிசெய்தாள். கோபமாகக்கூட இல்லை அவள் முகம்.

"நான் அவருக்கு ஒரு வாய் குடுக்கப் பாத்தேன், திருடின்னாங்க. நீ பட்டினி போட்டு அனுப்பின, அதுலயும் உனக்கு நல்ல பேருதான் கெடச்சிருக்கு அக்கா."

சொல்லிவிட்டு மூழ்கிப் போனாள். தகரம் தட்டிய பிறகு இந்தப் பதினாறு நாளில் அவள் அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.