ஆறு குடம் தண்ணீர்

"மேட்டுல ஊத்துற தண்ணி எங்க வாப்பா போவும்?"

சுதந்திரம் வந்த வருஷம், பத்து வயது மெஹர்னிசா கேட்ட கேள்வி அது. கவரைப்பேட்டை மேட்டு நிலத்தைத் தோல் பதனிடும் ஷாப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, திருவள்ளூர் ரிஜிஸ்தர் ஆபீசிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார் அவளுடைய வாப்பா அசன் முகைதீன். "மண்ணு குடிச்சிடும்மா" என்று சிரித்தார்.

மண் குடிக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து இன்று காலை, அவருடைய உயிரற்ற உடலை, அந்த மய்யித்தைக் குளிப்பாட்ட இறைத்த வாளியில் அது வந்து நின்றது.

பள்ளிவாசல் லெப்பை உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்தினார். ஷாப்புத் தொட்டியில் ஆவாரம்பட்டை ஊறிய சிவப்பு. முகர்ந்துவிட்டுக் கீழே கொட்டினார்.

"நெறமும் மாறிடுச்சி, வாடையும் மாறிடுச்சி. இதால மய்யித்தக் குளிப்பாட்டக் கூடாது, கமாலு. வேற தண்ணி பாரு. அஸர் தொழுகைக்குள்ள அடக்கணும்."

"எங்க போயி பாக்கறது? ஊர்ல எல்லாக் கெணறும் இப்டித்தானே கீது" என்றான் மெஹர்னிசாவின் தம்பி கமால்.

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் மெஹர்னிசா. புருஷனைப் பறிகொடுத்துப் பிறந்த வீடு திரும்பியவள் அவள். நேற்று வாப்பா கேட்ட கடைசி மடக்கும் இந்தத் தண்ணீர்தான். காய்ச்சி, வடிகட்டி ஊட்டினாள். அவர் முகம் சுளிக்கவில்லை. எந்த முகத்தைக் கொண்டு சுளிப்பார்?

வாசலில் ஜட்கா வந்து நின்றது. ஷாப்பு மேனேஜர் துளசிராமன் இறங்கினார்.

"முதலாளி ரொம்ப வருத்தப்பட்டாரு. தண்ணிக்கு பேஜாரா கீதுன்னு கேள்விப்பட்டோம். அவரு ஊட்டுக் கெணத்துலேர்ந்து ஒரு பீப்பா அனுப்பச் சொல்றேன்."

மெஹர்னிசா முக்காட்டை இழுத்துக்கொண்டு வாசற்படிக்கே வந்துவிட்டாள்.

"அவரு கெணறு எங்க சார் கீது? ஷாப்புக்கு மேலயா, கீழயா?"

"மேலதாம்மா. ஏன்?"

"தண்ணி எந்தப் பக்கம் போவும்னு அவருக்கு அப்பவே தெரிஞ்சிகீது. எங்க வாப்பாவுக்குத்தான் தெரியல. ஊரையே நாறடிச்சிட்டு ஒரு பீப்பா குடுக்கறாரா? ஒண்ணும் வேணாம், போங்க!"

"அக்கா, மய்யித்து கெடக்குது..." என்றான் கமால்.

"கெடக்கட்டும்!"

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவளையே சுட்டது. துளசிராமன் தலையைக் குனிந்துகொண்டு வண்டியேறினார். வெயில் ஏறியது. லெப்பை வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போது பின்கதவு திறந்தது. பள்ளத்துச் சேரி முத்தம்மா, இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடங்களோடு நின்றாள். பின்னாலேயே மேரி, அவளுக்குப் பின்னால் முத்தம்மாவின் மருமகள். ஆறு குடம்.

"ஊருக்கு அப்பால, ரயில் டேசன் கெணத்துத் தண்ணி. சேதி கேட்டதும் போய்ட்டோம். நடக்கத்தான் நேரமாயிடுச்சி."

லெப்பை ஒரு கை அள்ளி முகர்ந்தார். நாக்கில் வைத்தார். "பிஸ்மில்லாஹ்" என்று எழுந்தார்.

மெஹர்னிசா மற்றக் குடங்களை இறக்கக் கை கொடுத்தாள். முத்தம்மா அவளிடம் சொன்னாள்.

"எங்க கெணறுதானே மொதல்ல செவந்துச்சி? அப்போ பாய்தான் இந்தப் பின்கதவத் தாப்பா போடாம வுட்டாரு. உங்க கெணறும் கெட்டுப்போற வரைக்கும் ஒரு வருசம் விடியங்காட்டி வந்து மொண்டுக்கினு போனோம். நீ சாத்திட்டுப் போனா, எழுந்து வந்து தொறந்து வைப்பாரு."

இரவில் தான் தாழிட்ட கதவு காலையில் திறந்து கிடப்பதைக் கண்டு, "வயசாயிடுச்சி, புத்தி மழுங்கிடுச்சி" என்று வாப்பாவை அவள் எத்தனை முறை ஏசியிருப்பாள். அவர் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. தாழ்ப்பாள் நீங்குகிற சிறு சத்தத்தையும் கேட்கிறவன் மேலே ஒருவன் இருக்கிறான். அது போதும் என்று இருந்துவிட்டார் போலும்.

அஸருக்கு முன் அடக்கம் முடிந்தது.

மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி எல்லோரும் கலைந்தார்கள். சேரியில் ஆளில்லை, பெண்கள் களையெடுக்கப் போயிருந்தார்கள். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்துக்கொண்டு, இரண்டு குடங்களோடு ஸ்டேஷன் வரை நடந்து போய்த் திரும்பினாள் மெஹர்னிசா. பழக்கமில்லாத இடுப்பு கன்றிப் போயிருந்தது. முத்தம்மாவின் குடிசை நிழலில் காலியாக இருந்த பானையில் நீரை ஊற்றினாள்.

மூடுமுன் ஒருமுறை குனிந்து பார்த்தாள். தெளிந்த நீருக்குள் பானையின் அடி தெரிந்தது.