இருந்தபடி சொல்ல வேண்டிய வசனம்

விழாவுக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கையில், நாடகத்தின் கதாநாயகி நடிக்க மாட்டேன் என்றுவிட்டாள். சொன்ன இடம் ஜெர்மனியின் ஹம் நகர ரயில் நிலையம். வேலைக்குப் போகிற அவசரத்தில், ஒரு கையில் கோப்பிக் கோப்பையும் மறு கையில் ரயில் கதவுமாக நின்றுகொண்டு ஆதிரை சொன்னாள்.

"அன்ரி, கோவிக்காதேங்கோ. மாமி வேண்டாமாம்."

"என்ன வேண்டாமாம்?"

"அந்தக் கறுப்புச் சீலை. தாலியைக் கழட்டி வைச்சிட்டுப் பொட்டில்லாமல் மேடையிலை இருக்கிறது. கலியாணம் முடிஞ்சு ஒரு வருசமும் ஆகேல்லை, சனம் பாத்தால்..."

கதவு மூடிக்கொண்டது. சுந்தரேஸ்வரி வெளியே நின்று கையை ஆட்டினாள். விடை கொடுக்க இல்லை, "இறங்கடி" என்று சொல்ல. உள்ளே அந்தப் பிள்ளை அதை விடையென்றே நினைத்துத் தானும் கையாட்டியது. ரயில் போய்விட்டது.

சுந்தரேஸ்வரிக்கு ஐம்பத்தெட்டு வயது. முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை. கணவர் இறந்துபோய்ப் பதினொரு வருடம். அந்தப் பதினொரு வருடமும் ஊர்ச் சனம் அவளைப் பற்றிக் கதைக்கும்போதெல்லாம் ஒரு சொல்லை முன்னுக்கு வைத்துத்தான் கதைத்தார்கள்: "பாவம்". பாவம் ஈஸ்வரி வந்திருக்கிறா. பாவம் ஈஸ்வரி நல்லாய்ச் சமைப்பா. அவள் கார் ஓட்டப் பழகிய நாளிலும், பாவம், தானே ஓடுறா என்றார்கள்.

அதே இல்லத்தில் வேலை செய்கிறவள் அபேனா, கானா நாட்டுக்காரி. ஒருநாள் ஓய்வறையில் மெல்லிய புத்தகமொன்றை நீட்டினாள். அவளுடைய ஊர் ஆசிரியை ஒருத்தி எழுதிய நாடகம், ஜெர்மன் மொழியில் வந்தது. கதை பெரிதில்லை. எஃபுவா என்றொருத்திக்குக் கணவன் செத்துப்போகிறான். அவனுடைய குடும்பத்துக் கிழவர் வந்து, கறுப்பு உடுத்து ஒரு வருடம் தரையில் இரு, பிறகு அவனுடைய தம்பிக்கு மனைவியாகு என்கிறார். போதகர் வந்து, அதெல்லாம் அஞ்ஞானம், வெள்ளை உடுத்துக் கோயிலுக்கு வந்து அடக்கமாக இரு என்கிறார். கிழவரும் போதகரும் அவளுடைய வீட்டு நடுவில் உட்கார்ந்து, அவளுடைய துக்கம் யாருக்குச் சொந்தம் என்று சண்டை பிடிக்கிறார்கள். அவள் கணவனின் நாற்காலியில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். கடைசியில், எழும்பாமலே வாய் திறக்கிறாள். "பேசி முடிஞ்சுதோ? அப்ப எழும்புங்கோ. இது என்ரை வீடு." அவ்வளவுதான், திரை.

அந்த நாடகத்தில் ஒரு இடத்திலும் "பாவம்" இல்லை. அதற்காகவே சுந்தரேஸ்வரி ஏழு மாதம் ரயிலில் போகவர இருந்து அதைத் தமிழாக்கினாள். விளங்காத இடத்தை அபேனாவிடம் கேட்டாள்.

"இந்த இடத்திலை கிழவன் கத்துறானோ, கெஞ்சுறானோ?"

"முதலிலை கெஞ்சுவான். பலிக்காட்டிக் கத்துவான்."

"அப்ப எங்கடை ஆக்கள்தான்."

எங்கள் சனம் ஒருக்கால், ஒரேயொருக்கால், புருசன் இல்லாத ஒரு பெண்ணைப் பார்த்து இரக்கப்படாமல் இருக்கட்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அதுதான். அதை ஆதிரையால் செய்ய முடியும். அந்தப் பிள்ளை நாற்காலியில் காலுக்கு மேல் கால் போட்டு அந்த வசனத்தைச் சொன்னால் ஒத்திகையில் மற்றவர்களுக்கு எழும்பத்தான் தோன்றும்.

அன்று பின்னேரமே ஆதிரையின் வீட்டுக்குப் போனாள். மாமியார் தவமலர் கதவைத் திறந்தார். மகன் பிரவீணன் சோபாவில் போனும் கையுமாக இருந்தான்.

"அக்கா, இது ஆபிரிக்கா நாடகம். அங்கை தாலியே இல்லை. கழட்டுறதுக்கு என்ன இருக்கு?"

"ஆபிரிக்காவிலை இல்லாமல் இருக்கட்டும். என்ரை மகன் இஞ்சையெல்லே இருக்கிறான்."

"பிரவீணன், நீர் சொல்லும். உம்மடை உயிரைப் பற்றித்தான் கதை நடக்குது."

பிரவீணன் போனிலிருந்து கண்ணை எடுத்து, தாயைப் பார்த்து, மனைவியைப் பார்த்து, மறுபடி போனைப் பார்த்தான். "எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை அன்ரி. ஆனா அம்மாவுக்கு..."

"உம்மடை வாயாலை ஒரு வசனம் முழுசா வராதோ?" என்றாள் ஆதிரை. அவன் காது சிவந்தது.

தவமலர் தேத்தண்ணியை மேசையில் வைத்தார். "ஈஸ்வரி, நான் இருபத்தெட்டு வயதிலை வெள்ளைச் சீலை கட்டினனான். இவன் அப்ப கைக்குழந்தை. நடிப்பெண்டாலும் இந்த வீட்டிலை இன்னொருக்கால் வேண்டாம்."

 எதிரில் நிற்பவர் கொடுமைக்காரியாக இருந்தால் சண்டை பிடிக்கலாம். பயந்துபோன தாயோடு என்னத்தைப் பிடிப்பது? தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, வந்ததைவிடக் கூடிய எரிச்சலோடு சுந்தரேஸ்வரி திரும்பினாள்.

மறுநாள் அபேனாவிடம் சொன்னபோது அவள் சிரித்துச் சிரித்துக் நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். தன்னுடைய ஊரான குமாசியில் இதே நாடகம் போட்டபோது, நடிக்கவந்த பெண்ணின் மாமியார் உண்மையான போதகர் ஒருவரையே ஒத்திகைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாவாம்.

"பிறகு?"

"போதகருக்கே போதகர் வேசத்தைக் குடுத்தம். நல்லாய் நடிச்சார்."

சிரிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பதினைந்து நாள்தான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை, விழாவை நடத்துகிற தமிழ் மன்றத்தின் கூட்டம். தலைவர் கனகலிங்கம் நாடகத்தில் குடும்பத்துக் கிழவராக நடிப்பவர். போதகராக நடிக்கிற மிதுஷனும் வந்திருந்தான். கனகலிங்கம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு நிமிடத்தில் வழி சொன்னார்.

"மிதுஷன் சீலை கட்டட்டும். எங்கடை கூத்திலை ஆம்பிளையள்தானே பொம்பிளை வேசம் போட்டவை. ஆம்பிளை கறுப்புக் கட்டினால் ஒருத்தரின்ரை தாலிக்கும் பழுதில்லை. போதகரை ஆரும் செய்யலாம்."

"அண்ணை, என்னாலை தாடி எடுக்கேலாது," என்றான் மிதுஷன். "அடுத்த மாசம் எனக்குக் கலியாணம். பொம்பிளை தாடியைப் பாத்துத்தான் ஓம் எண்டவ."

எல்லோரும் சிரித்தார்கள். சுந்தரேஸ்வரி கையிலிருந்த நாடகப் பிரதியை மூடினாள்.

"அண்ணை, ஒரு மனிசி என்ரை துக்கத்தை நானே வைச்சிருக்கிறன் எண்டு சொல்லுற நாடகம் இது. அதையும் தூக்கி ஒரு ஆம்பிளையிட்டைக் குடுக்கச் சொல்லுறீங்களோ?"

"கோவப்படாதையும் தங்கச்சி. அப்ப நீரே நடியும். உமக்கென்ன, இனிப் பயப்பிட என்ன இருக்கு?"

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் கொடுமை. கூட்டத்தில் இரண்டு பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் அதைக் கவனிக்கவுமில்லை, நாட்குறிப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் நாடகம் இல்லையென்றால் அந்த நாற்பது நிமிடத்துக்குச் சினிமாப் பாட்டு நடனம் இரண்டு தயாராக இருந்தது. ஏழு மாதம் வீணாகப் போகும். "சரி," என்றாள். நடிக்கத் தெரியாதவள். நாடகம் எழுத்தில் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியும். தானாக மேடையேறினால் குரல் உள்ளே போய்விடும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

விழா நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. அபேனா மூன்றாம் வரிசையில் மஞ்சள் உடுப்போடு இருந்தாள். முதல் இருபது நிமிடம் ஒருவாறு போனது. கிழவர் கெஞ்சினார், போதகர் வேதம் சொன்னார், இரண்டு பேரும் சண்டை பிடித்தார்கள். சுந்தரேஸ்வரி கறுப்புச் சேலையில் நாற்காலியில் இருந்தாள். கடைசி இடம் வந்தது. கனகலிங்கம் தடியை ஊன்றிக்கொண்டு கோபமாக எழும்பினார்.

அவளும் எழும்பிவிட்டாள்.

பெரியவர் ஒருவர் முன்னால் எழும்பினால் எழும்புவது ஐம்பது வருடப் பழக்கம். மூளை, இரு என்று சொல்வதற்குள் கால் நிமிர்ந்துவிட்டது. எழும்பியபிறகு கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். கண் நிலத்தைப் பார்த்தது. "பேசி முடிஞ்சுதோ? அப்ப எழும்புங்கோ..." முன்வரிசைக்குத்தான் கேட்டது. "இது என்ரை வீடு" என்பது அவளுக்கே கேட்கவில்லை.

மண்டபமெங்கும் மூக்குறிஞ்சுகிற சத்தம். திரை மூடியது. கனகலிங்கம் வேசத்தோடேயே ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"எங்கடை சகோதரி தன்ரை சொந்த வாழ்க்கையையே மேடைக்குக் கொண்டு வந்திருக்கிறா, பாவம். ஆபிரிக்காவிலை பொம்பிளையளை என்ன பாடு படுத்துறாங்கள் எண்டு பாத்தீங்கள்தானே? நாங்கள் எவ்வளவோ முன்னேறியிட்டம்."

கைதட்டல். சுந்தரேஸ்வரி திரையை விலக்கிக்கொண்டு வந்து ஒலிவாங்கியைப் பறித்தாள்.

"இது என்ரை கதை இல்லை. ஆபிரிக்காவின்ரை கதை மட்டும் எண்டும் நினையாதேங்கோ. அந்த மனிசி அழேல்லை. உங்களை எழும்பிப் போகச் சொன்னவ!"

 சனம் முதலில் தட்டியதைவிடப் பலமாகத் தட்டினார்கள். முன்வரிசைப் பெண்ணொருத்தி மேடையேறி வந்து அவளைக் கட்டிப்பிடித்து முதுகைத் தடவினாள். அபேனா கூட்டத்துக்குள்ளால் நெருக்கிக்கொண்டு வந்து காதில் கேட்டாள்: "ஏன் எல்லாரும் அழுகினம்? எங்கடை ஊரிலை இந்த இடத்துக்கு விசிலடிப்பினம்."

சுந்தரேஸ்வரி மண்டபத்துச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். தன்னில்தான் கூடுதல் கோபம். மற்றவர்கள் மாற்றியதை விடுங்கள், கடைசியில் அந்த மனிசியைப் பாவமாக்கியது தன்னுடைய கால்தானே.

கதவு திறந்தது. தவமலர் விழாச் சிற்றுண்டிக்கு ரோல்ஸ் கொண்டுவந்த வெறும் பெட்டியை எடுக்க வந்திருந்தார். இவளைக் கண்டும் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நீர் எழும்பியிருக்கக் கூடாது."

"என்ன?"

"கடைசியிலை. மருமகள் வீட்டிலை மூண்டு மாசமாய்ச் சொல்லிப் பழகினது எனக்குச் சமைக்கேக்கை குசினிக்குள்ளை கேட்கும். அவள் இருந்துகொண்டுதான் சொல்லுவாள். இருந்தால்தான் அது அவளின்ரை வீடு. நீர் எழும்பினவுடனை, நீர்தான் வெளிக்கிட்டுப் போற மாதிரி இருந்தது."

சுந்தரேஸ்வரி ஈர முகத்தோடு அவரைப் பார்த்தாள். அவ்வளவு சனத்தில் நாடகத்தை நாடகமாகப் பார்த்தது இந்த ஒரு ஆள்தான். சந்தோசப்படுவதா, இந்தப் பெட்டியைப் பறித்து எறிவதா என்று விளங்கவில்லை.

"இவ்வளவு விளங்கின நீங்கள் அந்தப் பிள்ளையை விட்டிருக்கலாமே, அக்கா. ஒக்டோபரிலை டோர்ட்முண்டிலை திரும்பப் போடக் கேட்டிருக்கினம். அப்பவாவது விடுங்கோ."

"அது ஏலாது."

"அப்ப நீங்கள் வாங்கோ. உங்களுக்கும் என்னைப் போலத்தானே, இனிப் பயப்பிட என்ன இருக்கு?"

சொன்னபிறகுதான், யாருடைய வார்த்தையை எடுத்துச் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். தவமலர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பெட்டி மூடியை அழுத்தி நான்கு பக்கமும் சரிபார்த்தார்.

"எனக்கு முழங்கால் ஏலாது."

"இருந்துகொண்டுதானே சொல்ல வேணும் எண்டீங்கள்."

"கதைக்க மட்டும் தெரியும் உமக்கு." தவமலர் பெட்டியைப் பைக்குள் வைத்தார். "ஒத்திகை எண்டைக்கு வைக்கிறனீங்கள்?"

"செவ்வாய்."

"செவ்வாய் எனக்குக் கண் டொக்ரரிட்டை ரெர்மின். குடுத்த நேரத்தை மாத்தேலாது."

"புதனுக்கு மாத்துவம்."

தவமலர் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். போன கையோடு கதவு மறுபடி ஒரு சாண் திறந்தது.

"புதன் வாறன் எண்டு நான் இன்னும் சொல்லேல்லை," என்றார். "ஆனா அந்தக் கனகலிங்கத்துக்கு இப்பவே சொல்லி வையும். நான் எழும்ப மாட்டன்."